பெயர் செல்லாது

பத்து ஐம்பத்திரண்டுக்கு, புதிய தளத்தில் யார் பெயர் பதிந்தாலும் காட்டுகிற திரையில் முதல் வரி வந்தது. டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோன வாசுகி அப்படியே நிறுத்தினாள். செங்குட்டுவன். ஏழு எழுத்தும் சரியாக இருந்தன. முன்னால் கொம்பு இருந்தது, ஙகரத்துக்குப் புள்ளி இருந்தது, இரண்டு டகரமும் ஒட்டி நின்றன, ஒன்று புள்ளியோடு, ஒன்று சுழியோடு, கடைசி னகரத்தின் தலையில்கூடப் புள்ளியை மறக்கவில்லை. இடது கை ஆள்காட்டி விரல் ஒன்றால், உறையூர் வீட்டுக் கூடத்தில், டேப்லெட்டைத் தலையணைமேல் சாய்த்து வைத்துக்கொண்டு அவள் கணவர் இதை எழுதியிருக்கிறார், எவ்வளவு நேரம் பிடித்திருக்கும், அவள் எட்டே முக்காலுக்குக் கிளம்பும்போதே டேப்லெட் மடியில் இருந்தது, அப்படியென்றால் இரண்டு மணி நேரமா, இருக்காது, நடுவில் இட்லி சாப்பிட்டிருப்பார், பேப்பரில் படம் பார்த்திருப்பார். பக்கவாதம் வந்த இந்த ஏழு மாதத்தில் அவர் பெயரை அவர் முழுசாக எழுதி அவள் பார்த்ததில்லை. போன மாதம் ஸ்லேட்டில் செங் வரைக்கும் வந்து நின்றுபோனது, அதற்குமேல் கை போகாமல் சாக்பீஸை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். இன்றைக்கு ஏழும் வந்துவிட்டது. எழுந்துபோய் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது அவளுக்கு, தில்லைநகரில் இந்த மூன்றாவது மாடி ஆபீஸில் யாரிடம் சொல்வது, ஆரோக்கியம் காதில் ஹெட்போன் மாட்டியிருக்கிறான், கூட வேலை செய்கிற மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் இவள் வீட்டுக் கதை பாதிதான் தெரியும். அதற்குப் பிறகுதான் அந்த வரியின் கடைசியில் இருந்த சொல்லைப் பார்த்தாள். தோல்வி.

தோல்வி என்றால் அவர் திரையில் சிவப்பு வந்திருக்கும். சிவப்பில் என்ன வந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும், அவள் எழுதிய வாசகம்தான். பெயர் செல்லாது. எழுத்துகளும் எண்களும் மட்டுமே இருக்கலாம். இதற்கு எத்தனையோ மாற்று இருந்தன, இன்னொரு முறை முயலுங்கள் என்று போட்டிருக்கலாம், இந்தப் பெயரை ஏற்க முடியவில்லை, மன்னிக்கவும் என்று போட்டிருக்கலாம், ஆனால் போனில் பார்த்தால் அது இரண்டு வரிக்கு ஓடியது, செல்லாது என்றால் கச்சிதமாக ஒரே வரியில் நின்றது, அதனால் செல்லாது. எழுதும்போது அந்தச் சொல்லை யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தாளா. நினைத்தாள், மையத்தின் முப்பத்துநான்கு குடும்பம் என்று நினைத்தாள். பக்கவாதம் வந்து பேச்சுப் போனவர்களுக்கான பயிற்சி மையம் அது. வீட்டிலிருந்தே படம் பார்த்துப் பெயர் சொல்லிப் பழகவும், ஒருவருக்கொருவர் நாலு சொல் எழுதிக்கொள்ளவும் ஒரு இணையதளம் வேண்டுமென்று கேட்டு வந்தபோது, நான் செய்கிறேன் என்று கையைத் தூக்கியவள் அவள்தான். முப்பத்துநான்கில் ஒன்று தன் வீடு என்பதும் தெரியும். இருந்தும் செல்லாது என்று எழுதினாள். இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு எல்லாருக்கும் இணைப்பு போகப்போகிறது, அதற்குமுன் வீட்டில் ஒருதரம் அவர் பார்க்கட்டும் என்று காலையில் அவள்தான் திறந்து கொடுத்துவிட்டு வந்தாள். நான் பதிஞ்சு குடுத்துடட்டுமா என்று கேட்டதற்கு அவர் தலையை ஆட்டி, நான், என்றார். அந்த ஒரு சொல் அவருக்கு நன்றாக வரும்.

என்ன தப்பு, எங்கே தப்பு. அவள் விதியைத் திறந்தாள். ஒரே வரிதான் அது, ரெஜெக்ஸ் என்று இவர்கள் சொல்வது, வருகிற பெயரை ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி வைத்துப் பார்த்து உள்ளே விடுவதா வேண்டாமா என்று சொல்கிற வரி. முதலில் ஆரோக்கியம் எழுதியிருந்ததில் ஆங்கிலம் மட்டும்தான் இருந்தது, ஏ முதல் இசட் வரை, எண்கள், நாலிலிருந்து பன்னிரண்டு எழுத்து. எல்லா சைட்லயும் அப்படித்தானேக்கா என்றான். அவள்தான் சண்டை பிடித்தாள், இவங்களுக்கு இங்கிலீஷ்தான்டா முதல்ல போகும், எங்க வீட்டுல கிரிக்கெட் ஸ்கோரை இங்கிலீஷ்ல சொல்லிட்டிருந்த மனுஷன் இப்போ ஏபிசிடிய பார்த்தா யாரோ எவரோங்கற மாதிரி பார்க்கறாரு, தமிழ்ல பேர் வைக்க விடணும் என்று மல்லுக்கட்டி, அந்த இடத்தை அழித்துவிட்டு, எந்த மொழியானாலும் எழுத்து என்று கணினி எதை எடுத்துக்கொள்கிறதோ அதெல்லாம் வரலாம் என்று மாற்றி எழுதினாள். அதைச் சோதித்தும் பார்த்தாள். எப்படிச் சோதித்தாள். கககக என்று அடித்தாள், போனது. அஆஇஈ என்று அடித்தாள், போனது. பச்சை டிக் வந்தது. மதியம் மூன்றரை இருக்கும், இரண்டு பச்சையைப் பார்த்ததும் போதும் என்று எழுந்து டப்பாவைக் கழுவப் போய்விட்டாள். மனுஷப் பெயர் ஒன்றைக்கூட அடித்துப் பார்க்கவில்லை. தன் பெயரைக்கூட. வாசுகி என்று அடித்திருந்தாலே அன்றைக்கே சிவப்பு வந்திருக்கும்.

ஏனென்றால் கணினிக்கு வா என்பது ஒரு எழுத்து அல்ல. வகரம் ஒன்று, அதன் பக்கத்தில் நிற்கிற துணைக்கால் இன்னொன்று. வகரம் எழுத்து, துணைக்கால் எழுத்தில்லை, அது குறி. கொம்பு, சுழி, புள்ளி எல்லாமே அதற்குக் குறிகள்தான், வேறு வகுப்பு, எழுத்து மட்டும் வரலாம் என்று சொன்னால் அவை வெளியே நிற்க வேண்டியதுதான். இது அவளுக்குத் தெரியாதா. எப்போதோ படித்திருக்கிறாள், ஒரு பயிற்சி வகுப்பில் யாரோ சொன்னதுகூட ஞாபகம் இருக்கிறது, கேட்டுவிட்டுத் தலையாட்டியிருக்கிறாள். வா. மருத்துவமனையில் பதினோரு நாள் அவர் சொன்ன ஒரே சத்தம் அது. அவளுடைய பெயரின் முதல் எழுத்தா, பக்கத்தில் வரச் சொல்கிறாரா, அவளுக்கு விளங்கியதே இல்லை, நர்ஸ் சொல்வாள், உங்களைத்தான் கூப்பிடறாரும்மா என்று, எப்படியானாலும் அவள் எழுந்து போவாள், போய்க் கையைப் பிடித்தால் மறுபடி வா என்பார், வந்துட்டேங்க, பக்கத்துலதான் இருக்கேன் என்பாள், வா. பெயரும் அதுதான், கூப்பிடுவதும் அதுதான் என்று அவளாக ஒரு நாள் முடிவு செய்துகொண்டாள், அன்று ராத்திரி பெஞ்சில் படுத்துத் தூங்கினாள். அந்த ஒரு எழுத்தை இரண்டாக வெட்டி ஒரு துண்டை வெளியே நிறுத்துகிற வரியை அவளே எழுதியிருக்கிறாள்.

பத்து ஐம்பத்தொன்பதுக்கு இரண்டாவது வரி வந்தது. செங்குடுவன். தோல்வி. ஒரு டகரத்தைக் காணோம். அவள் நாற்காலியில் நேராக உட்கார்ந்தாள். பதினொன்று மூன்றுக்கு இன்னொன்று, செகுடுவன், ஙகரமும் போய்விட்டது, தோல்வி. அப்போதுதான் அவர் என்ன செய்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. சரியாகத்தான் எழுதினார். இயந்திரம் தப்பு என்றது. சரி, நம்மேல்தான் தப்பு என்று எடுத்துக்கொண்டு தன் பெயரைத் திருத்திக்கொண்டிருக்கிறார். ஏழு மாதமாக எல்லாவற்றிலும் அவர்மேல்தானே தப்பு, தண்ணி என்று நினைத்தால் வாயில் தாளி என்று வருகிறது, கதவைச் சாத்து என்பதற்குக் காலைச் சாத்து என்கிறார், சொன்ன பிறகு எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் சரியா தப்பா என்று தெரிந்துகொள்கிறார், இப்போது எதிரே இருப்பது சிவப்பு. ஒரு எழுத்தை எடுத்துப் பார்க்கிறார், சிவப்பு. இன்னொன்றை எடுக்கிறார். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் மைக்கைப் பிடித்தால் அறுநூறு பிள்ளைகளின் பெயரையும் சீட்டைப் பார்க்காமல் இனிஷியலோடு கூப்பிடுகிற பி.டி. மாஸ்டர் அவர், நீளமான பெயர் இருக்கிற பிள்ளைகளை வேண்டுமென்றே முழுசாகக் கூப்பிடுவார், சுருக்கக் கூடாதாம், அந்தப் பிள்ளை ஓடி வந்து கோட்டில் நிற்கும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்குமாம்.

போன் பண்ணிவிடலாம். போனைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் வைத்துவிட்டாள். போன் அவருக்கு ஆகாது, முகம் தெரியாமல் குரல் மட்டும் வந்தால் பதறுவார், பதறினால் இருக்கிற சொல்லும் ஓடிவிடும், போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அலோ அலோ என்று வியர்த்துப்போவார். அவளுக்கும் போன் ஆகாமல்தான் போய்விட்டது, அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அழைப்புக்குப் பிறகு எந்த மணி அடித்தாலும் முதலில் கை சில்லிட்டுவிடுகிறது, சார் கிரவுண்டுல விழுந்துட்டாருங்க என்று ஒரு டீச்சர் சொன்ன குரல் இன்னும் காதுக்குள்ளேயே இருக்கிறது. அதுவுமில்லாமல் நஸ்ரீன் என்ன சொன்னாள், மையத்தில் அவருக்குப் பயிற்சி கொடுக்கிற பெண், நீங்க ரொம்ப நல்லவங்கக்கா, அதான் பிரச்சனை, அவர் ஒரு சொல்லைத் தேடறப்ப நீங்க டக்குன்னு எடுத்துக் குடுத்துடறீங்க, அவர் தேடறதை நிறுத்திடுவார், முடிக்க விடுங்க என்றாள். அதைக் கேட்ட நாளிலிருந்து நாக்கைக் கடித்துக்கொண்டு இருக்கப் பழகுகிறாள், தட்டில் சாம்பார் ஆறிப்போகிற வரைக்கும் ரசமா மோரா என்று அவர் தேடி முடிக்கக் காத்திருக்கிறாள். இது அப்படிப்பட்டதா. இல்லை, இது அவர் தேடுவதல்ல, தேடிக் கண்டுபிடித்ததை இவள் தட்டிவிட்டது. முதலில் விதியைச் சரி செய்வோம், ஐந்து நிமிஷ வேலை, அடுத்த தடவை அவர் என்ன போட்டாலும் பச்சை வரும், அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

எழுத்தோடு குறிகளும் வரலாம் என்று சேர்த்தாள். அவசரத்தில் ஒரு அடைப்புக்குறி கூடுதலாக விழுந்தது, அழித்தாள். தன் கணினியிலேயே செங்குட்டுவன் என்று அடித்துப் பார்த்தாள். சிவப்பு. இது என்ன கொடுமை என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள் போல, ஆரோக்கியம் ஒரு காதைத் திறந்து என்னக்கா என்றான், ஒண்ணுமில்ல என்றாள். மறுபடி பார்த்தாள். பன்னிரண்டு. ஆரோக்கியம் வைத்த பன்னிரண்டு அப்படியே இருந்தது. கண்ணுக்கு ஏழு எழுத்து, கணினி புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணிப் பதிமூன்று என்கிறது. ஒன்று கூடுதல். ஒன்றே ஒன்று. அவர் அப்பா போக்குவரத்துக் கழகத்தில் மெக்கானிக்காக இருந்தவர், சேர ராஜா பெயர் வைக்க வேண்டுமென்று பிடிவாதமாக வைத்த பெயர், அது பதிமூன்று என்று அவருக்கு யார் சொல்லப்போகிறார்கள். பன்னிரண்டை அழித்து நாற்பது என்று போட்டாள். பதினொன்று பதினொன்றுக்கு சகுடுவன், தோல்வி, அவள் பார்த்துக்கொண்டே சேமித்தாள், சர்வருக்கு அனுப்பினாள், அது மேலே ஏறுவதற்கு இரண்டு நிமிஷமோ மூன்று நிமிஷமோ ஆகும், ஒரு நீலக் கோடு நகர்ந்தது. சகடுவன், தோல்வி. இப்போது வேகமாக எடுக்கிறார், பழகிவிட்டது. நிறுத்துங்க, ஒரே நிமிஷம் நிறுத்துங்க. சகடவன், தோல்வி. நீலக் கோடு முக்காலில் நின்றது. புள்ளியை மட்டும் விட்டுவைங்க, அது கடைசியாக இருக்கிற புள்ளி.

பதினொன்று பதினைந்து. சகடவன. வெற்றி.

கொம்பில்லை, சுழியில்லை, ஒரு புள்ளியும் இல்லை. மொட்டையாக ஐந்து எழுத்து. பழைய விதிதான் அதை உள்ளே விட்டது. அடுத்த நிமிஷம் புதிய விதி ஏறிவிட்டதாகத் தகவல் வந்தது. வாசுகி அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள், ச க ட வ ன, உதட்டை அசைத்துப் படித்தாள், யாரோ ஊருக்குப் புதிதாக வந்தவன் பெயர் போலிருந்தது. அங்கே பச்சை வந்திருக்கும். நல்வரவு, சகடவன என்று வந்திருக்கும். அவர் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சந்தோஷமாகவா. ஒருவேளை சந்தோஷமாகத்தான் இருப்பார், உள்ளே போயாகிவிட்டதே. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. இதுதான் சரியான பெயர் போலிருக்கிறது, நாம்தான் இத்தனை நாள் தப்பாக வைத்திருந்தோம் என்று அவர் நினைத்துவிட்டால். அவள் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள். ஆறு தடவை மணி அடித்தது. ஏழாவதில் எடுத்தார். மூச்சுதான் கேட்டது.

"என்னங்க, நான்தான். வாசுகி."

"வா."

"பேர் போட்டீங்களா?"

"போட்... போட்டேன்." நிறுத்தினார். அவள் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தாள். கீழே ரோட்டில் ஒரு பஸ் நின்று கிளம்பியது. "தப்பு. தப்பு. சிவப்பு."

"முதல்ல ஒண்ணு போட்டீங்கல்ல? அது சரிங்க."

"இல்ல. சிவப்பு."

"அந்தச் சிவப்புதான் தப்பு. அதை எழுதினது நானு. நான் தப்பா எழுதிட்டேன். நீங்க முதல் தடவையே சரியாப் போட்டீங்க. ஏழு எழுத்தும் சரி."

அங்கே எதுவும் கேட்கவில்லை. வைத்துவிட்டாரோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், நொடி ஓடிக்கொண்டிருந்தது.

"ஏழும்?" என்றார்.

"ஏழும். புள்ளிகூட விடல."

"நீ... நீ தப்பு."

"ஆமா, நான்தான் தப்பு."

அவர் மூச்சு மாறியது. ஏதோ சத்தம் வந்தது, அவள் பயந்துபோனாள், அழுகிறாரா, மயக்கமா, பக்கத்து வீட்டுக் கமருன்னிசாவைக் கூப்பிடலாமா என்று மனசு ஓடிக்கொண்டிருக்கும்போதே அது சிரிப்பென்று தெரிந்தது. மூக்கால் வருகிற சிரிப்பு. தோற்றுப்போன பிள்ளைகள் ஏதாவது சாக்கு சொன்னால் இப்படித்தான் சிரிப்பார். "ச... சக... ட... வன," என்று திரையைப் பார்த்துப் படித்தார் போல. "வாசு. யாரு... இவன்?"

அவளும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "தெரியலைங்க. யாரோ உங்க டேப்லெட்டுல பூந்துட்டான்."

"மாத்து."

"நான் மாத்தவா?"

நீண்ட இடைவெளி. அவள் வாயில் பதில் இருந்தது, அதை வெளியே விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"நான்," என்றார்.

சரிங்க என்று சொல்லிவிட்டு வைத்தபிறகுதான் ஞாபகம் வந்தது, தளத்தில் பெயரை மாற்ற வழியே கிடையாது. வைத்தால் வைத்ததுதான். பயிற்சிக் குறிப்பெல்லாம் அந்தப் பெயரோடு கட்டியிருக்கும், நடுவில் மாற்றினால் குழப்பம் என்று அதையும் அவள்தான் சொல்லியிருந்தாள், கூட்டத்தில், நோட்டைத் தட்டித் தட்டி. வாசுகி நேராக ஆரோக்கியத்தின் மேசைக்குப் போனாள். அவன் ஹெட்போனைக் கழற்றினான்.

"பன்னெண்டு மணிக்கு விட வேணாம் ஆரோக்கியம். மூணு மணி ஆகும்."

"ஏங்க்கா? மையத்துல எல்லாரையும் உக்கார வச்சிருப்பாங்களே."

"பேர் விதி தப்பு. புள்ளி வச்ச பேரு ஒண்ணுகூட உள்ள போயிருக்காது. அதை மாத்திட்டேன். ஆனா பேரை மாத்திக்கற வசதி ஒண்ணு வேணும். அது இல்லாம வெளிய விடக்கூடாது."

"மாத்தக் கூடாதுன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க."

"நான்தான் சொன்னேன்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கண்ணோரம் ஈரம் இருந்திருக்கும். "எத்தனை பேருக்கு வேணும்?"

"இப்போதைக்கு ஒருத்தருக்கு."

"சாருக்கா? அதுக்கு எதுக்குக்கா மூணு மணி. டேட்டாபேஸ்ல நானே மாத்தி விடறேன், அரை நிமிஷம். பேர் சொல்லுங்க."

சொல்லிவிடலாம். அரை நிமிஷம்தான். அவர் மறுபடி திறந்தால் செங்குட்டுவன் என்று பளிச்சென்று இருக்கும், அவர் கஷ்டப்பட வேண்டியதில்லை, இன்னொரு மணி நேரம் விரலைத் தடவித் தடவி அடிக்க வேண்டியதில்லை, இரண்டாவது தடவை வராமலே போய்விட்டால் என்ன செய்வது, காலையில் வந்தது ஏதோ அதிர்ஷ்டமாக இருந்தால். வந்தது வந்ததுதான், திரும்ப வரும் என்று யார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். ஆரோக்கியம் கீபோர்டில் கையை வைத்துக் காத்திருந்தான்.

"வேணாம்," என்றாள். "அவரே மாத்தட்டும்."

அவன் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். பிறகு நாற்காலியை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டான். "எத்தனை தடவை மாத்தலாம்னு வைக்கலாம்?"

"எத்தனை தடவை வேணும்னாலும்."

மையத்துக்கு அவனே போன் செய்து பேசினான். மதியச் சாப்பாட்டை அவள் மறந்துபோனாள், அவன் கீழேயிருந்து இரண்டு வடை வாங்கிவந்து பக்கத்தில் வைத்தான், எண்ணெய்க் கையோடு அடித்தாள். செல்லாது என்ற சொல்லைத் தூக்கினாள். அந்த இடத்தில் என்ன எழுதுவதென்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், இந்தப் பெயரை எங்களால் படிக்க முடியவில்லை, தவறு எங்களுடையதாகவும் இருக்கலாம் என்று எழுதினாள். போனில் மூன்று வரிக்கு ஓடியது. ஓடட்டும் என்று விட்டாள். இந்தத் தடவை சோதிக்கும்போது பள்ளிக்கூட மைக்கில் அவர் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு மனசில் தங்கிப்போன பெயர்களை ஒவ்வொன்றாக அடித்தாள், திருஞானசம்பந்தம், முத்துக்கருப்பாயி, ஷேக் அப்துல்லா, கிறிஸ்துராஜ், பச்சையாக வந்தன. ஷேக் அப்துல்லாவுக்கு மட்டும் இடைவெளிக்காகச் சிவப்பு வந்தது, இடைவெளியையும் சேர்த்தாள்.

இரண்டே முக்காலுக்கு வீட்டுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள், இப்போ மாத்தலாம் என்று. போன் செய்யவில்லை. திரையைத் திறந்து வைத்துக்கொண்டு கைகளை மடியில் போட்டுக்கொண்டாள். மூன்று மணி ஆனது. மூன்று பத்து. தூங்கியிருப்பார், மதியம் தூங்குகிற நேரம். மூன்று பதினாறுக்கு வரி வந்தது. பெயர் மாற்றம், சகடவன, செங்குட்டுவன. கொம்பு வந்துவிட்டது, ஙகரம் வந்துவிட்டது, இரண்டு டகரமும் வந்துவிட்டன. கடைசிப் புள்ளி மட்டும் இல்லை. புதிய விதி அதையும் பச்சை என்றுதான் சொல்லும், எல்லாப் பெயரும் பெயர்தான் அதற்கு. ஆரோக்கியம் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான், அவனும் பார்த்துவிட்டான். மூன்று பதினேழு. தெரியவில்லையோ. தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இதுவே எவ்வளவோ. மூன்று பதினெட்டு. அவள் விரல்களை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டாள். பத்தொன்பது. இணைப்பு இன்னும் வரவில்லையே என்று மையத்திலிருந்து ஆரோக்கியத்துக்குப் போன் வந்தது, ஒரு நிமிஷம் மேடம் என்று சொன்னான்.

மூன்று இருபதுக்கு இன்னொரு வரி வந்தது. பெயர் மாற்றம், செங்குட்டுவன, செங்குட்டுவன்.